பில் தாளும் பிராய்லர் கோழியும்

போன தை மாதம் குடியாத்தத்தில் ஒரு மஞ்சள் நீராட்டு. பெரியப்பா வழியில் எனக்கு அக்கா மகள். பெண்ணுக்குப் பத்து வயது முடிந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மேடையில் பட்டுப்புடவையும் இரவல் நகையுமாக உட்கார்ந்துகொண்டு, கீழே நாற்காலிகளுக்கு நடுவே ஓடிப்பிடித்து விளையாடும் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது பந்தியில் எனக்கு இடம் கிடைத்தது. சீரகச் சம்பா பிரியாணி, எண்ணெய்க் கத்திரிக்காய், வெங்காயப் பச்சடி. பேச்சு எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். "நம்ம காலத்துல பதினாலு, பதினஞ்சு ஆவும். இப்ப பாரு, நாலாங்கிளாஸ் அஞ்சாங்கிளாஸ்லயே ஒக்கார வெச்சிடறோம்" என்று ஒருவர் ஆரம்பித்தார். "எல்லாம் இந்த பிராய்லர் கோழியாலதான். ஊசி போட்டு ஊசி போட்டு வளக்கறான்" என்றார் மாமா. அப்போது அவர் இலையில் இருந்தது இரண்டாவது லெக் பீஸ். பக்கத்திலிருந்த அத்தை என் பக்கம் திரும்பி, "இன்னாடா, மெடிக்கல் வெச்சினு கீற, நீ சொல்லு. ஹார்மோன் ஊசிதான இது?" என்று கேட்டார். வாயில் சோறு. தலையை ஆட்டினேன். விழுங்கிவிட்டு, "ஆமா அத்த, எல்லாம் ஹார்மோன்தான்" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துவைத்தேன்.

அந்தத் தலையாட்டல்தான் பிறகு உறுத்திக்கொண்டே இருந்தது. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒன்றில் பதினேழு வருஷமாக மருந்துக் கடை நடத்துகிறேன். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறவர்களுக்காக 'காலி பேட்டே' என்று சொல்லக் கற்றுக்கொண்டவன். வெறும் வயிற்றில் என்று அர்த்தம். கடைக்காரன் தலையாட்டினால் அது பாதி டாக்டர் சொன்ன மாதிரி. நான் ஆட்டிய தலையால் ஒரு பந்தி முழுக்க ஒரு தீர்ப்பு உறுதியாகிவிட்டது. அது சரியா என்று எனக்கே தெரியாது. சரி, தெரிந்துகொள்வோம் என்று மதியம் கூட்டம் ஓய்கிற நேரத்தில் கல்லாவில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

கோழிக்கு ஜாமீன்

முதலில் கோழியை விடுவித்துவிடலாம். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆகிய மூன்று காலத்துக் கோழி ரகங்களை ஒரே தீவனம், ஒரே பராமரிப்பில் வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். 56 நாளில் முதல் ரகம் 905 கிராம், இரண்டாவது 1,808 கிராம், மூன்றாவது 4,202 கிராம். ஊசி எதுவும் இல்லை. வேகமாக வளர்கிற சேவலையும் பெட்டையையும் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிச் சேர்த்ததன் பலன் அது. யோசித்தால் கணக்கும் இடிக்கும். வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் செரித்துப் போய்விடும், திரும்பத் திரும்ப ஊசியாகத்தான் போட வேண்டும். நாற்பது நாளில் விற்கிற கோழிக்கு, ஒரு கொட்டகையில் ஐயாயிரம் கோழிக்கு, யார் உட்கார்ந்து ஊசி போடுவது? பண்ணைகளில் நிஜமாகப் புழங்கியது ஆன்டிபயாட்டிக். மனிதனுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கோலிஸ்டினைக்கூடக் கோழி எடை போடுவதற்காகத் தீவனத்தில் கலந்தார்கள். 2019 ஜூலையில்தான் இந்திய அரசு அதைத் தடை செய்தது. அது வேறு வழக்கு. ஹார்மோன் வழக்கில் கோழி குற்றவாளி இல்லை.

பெண்பிள்ளைகள் சீக்கிரம் வயதுக்கு வருவதற்குப் பெரிய காரணம் சாப்பாடும் எடையும். நூறு வருஷத்துக்கு முந்தைய பிள்ளைகளைவிட இன்றைய பிள்ளைகள் நன்றாகச் சாப்பிடுகிறார்கள். உடம்பில் கொழுப்பு ஓர் அளவு சேர்ந்தால் மூளை அதை ஒரு செய்தியாக எடுத்துக்கொள்கிறது. இதைச் சொன்னால் அத்தைக்குத் திருப்தி வராது என்று தெரியும். "எங்க பொண்ணு குண்டா?" என்று சண்டைக்கு வருவார். எனக்குமே திருப்தி வரவில்லை. ஹார்மோன் மாதிரி நடிக்கிற பொருட்களும் இந்தக் கதையில் சந்தேகப் பட்டியலில் இருக்கின்றன. படிக்கப் படிக்கத் தெரிந்தது, அதில் ஒன்று என் கையிலேயே இருந்தது.

பள்ளிக்கூடத்தில் நாளமில்லாச் சுரப்பிகள் என்று படித்தோமே, அவை விடும் சமிக்ஞைகளைக் குலைக்கிற வேதிப்பொருட்களுக்கு 1991இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் கூடிய விஞ்ஞானிகள் தனியாக ஒரு பெயர் வைத்தார்கள். நான் ஹார்மோன் குழப்பிகள் என்று சொல்லிக்கொள்கிறேன். பட்டியல் நீளம்: பிளாஸ்டிக்கை இளக்குகிற தாலேட், கிரீம்களைக் கெடாமல் காக்கிற பாரபென், கிருமிநாசினி சோப்பில் போட்ட டிரைக்ளோசான், பிஸ்பினால் ஏ என்கிற பிபிஏ. இந்த பிபிஏயின் ஜாதகம் கொஞ்சம் விசேஷம். 1930களில் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் என்பவர் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போல வேலை செய்யும் செயற்கைப் பொருட்களைத் தேடியபோது இதையும் சோதித்து, வேலை செய்கிறது என்று எழுதிவைத்தார். 1938இல் அவருடைய குழு இதைவிடப் பல மடங்கு வீரியமான டிஇஎஸ் என்ற பொருளைச் செய்துவிட்டதால் இதை விட்டுவிட்டார்கள். டிஇஎஸ் கர்ப்பிணிகளுக்கு மாத்திரையாகப் போனது. 1971இல், அந்தத் தாய்மார்களின் மகள்களுக்கு இளவயதிலேயே அபூர்வமான ஒரு புற்றுநோய் வருவது தெரிந்து அமெரிக்காவில் நிறுத்தினார்கள். மருந்தாக என் அலமாரிக்கு வந்திருக்க வேண்டிய பிபிஏ அப்புறம் பிளாஸ்டிக் ஆனது, தகர டப்பாவின் உள்பூச்சு ஆனது, கடைசியில் என் பில் தாள் ஆனது.

கல்லாவில் இருக்கும் ரோல்

தெர்மல் ரோலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மை கிடையாது. தாளின் ஒரு பக்கத்தில் பூச்சு இருக்கும், சூடு பட்ட இடம் கறுக்கும். நகத்தால் ஒரு கோடு கிழித்தால் அந்தக் கோடும் கறுக்கும். எந்தப் பக்கம் பூச்சு என்று கண்டுபிடிக்க நாங்கள் செய்வதும் அதுதான். அப்படிக் கறுக்க வைக்கிற பொருளாகப் பல காலம் பிபிஏதான் இருந்தது, தாளின் எடையில் ஒன்று இரண்டு சதவீதம் வரை. பாட்டிலில் இருக்கும் பிபிஏ ஒன்றோடொன்று சங்கிலியாகப் பிணைந்தது. தாளில் இருப்பது பிணையாமல் தூளாக மேலே நிற்பது. தொட்டால் ஒட்டும். ஐரோப்பாவில் 2020 ஜனவரியிலிருந்து பில் தாளில் 0.02 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம். உடனே பல கம்பெனிகள் பிபிஎஸ் என்ற தம்பிக்கு மாறின. தம்பியும் அண்ணன் ஜாடைதான், ஈஸ்ட்ரோஜன் வேஷம் அவனும் கட்டுகிறான். நம் பிள்ளைகளின் பால் புட்டியில் பிபிஏ கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் 2015இல் சொல்லிவிட்டது. புட்டியை விட்டுப் பில்லுக்கு வந்தால் பேச்சில்லை.

2014இல் அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை. ஆட்களுக்குக் கையில் சானிடைசர் கொடுத்தார்கள், ஈரம் காயும் முன் பில் தாளைப் பிடிக்கச் சொன்னார்கள், அதே கையால் உருளைக்கிழங்கு வறுவல் சாப்பிடச் சொன்னார்கள். ரத்தத்திலும் சிறுநீரிலும் பிபிஏ ஏறியது. சானிடைசரில் தோலை ஊடுருவ உதவும் பொருட்கள் இருப்பதால் தாளில் இருப்பது சுலபமாக உள்ளே போகிறது. இதைப் படித்துவிட்டு என் கல்லாவைப் பார்த்தேன். இடது பக்கம் பில் மெஷின். வலது பக்கம் கொரோனா காலத்தில் வைத்த சானிடைசர் பாட்டில். அழுத்தும் தலை பழுத்த மஞ்சளாகி, ஓரத்தில் பிசின் மாதிரி கட்டியிருக்கிறது. நோயாளிகள் வருகிற இடமாயிற்றே என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் போட்டுக்கொள்வேன். நடுவில் சாயங்காலம் நாலரைக்கு வரும் மசால் வடை. அந்த ஆராய்ச்சிக்காரர்கள் ஒருதரம் செய்து பார்த்ததை நான் வருஷக்கணக்காக, காசு வாங்காமல், செய்துகொண்டிருக்கிறேன்.

என் கடைக்கு வரும் ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார் ஒருவரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "ஆறு மணி நேரத்துல பாதி மூத்திரத்துல போயிடும்பா. ஈரல் எதுக்கு இருக்கு?" அவர் சொன்னது சரி. பிபிஏ உடம்பில் தங்குகிற ரகமில்லை. நான் தினமும் புதிதாக ஏற்றிக்கொண்டிருக்கிறேன் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் 'போயிடும்' என்ற அந்த ஒரு வார்த்தை என்னை ஒரு மாதம் சமாதானமாக வைத்திருந்தது. உடம்பை ஒரு குழாய் மாதிரி நினைத்துக்கொண்டேன். மேலே ஊற்றினால் கீழே போய்விடும்.

மூட்டையை அவிழ்ப்பவர்கள்

அந்தச் சமாதானம் கலைந்தது ஒரு சாதாரண வியாபாரத்தில். ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு பையன், அப்பாவுக்குக் குடல் புற்றுநோய், சீட்டை நீட்டினான். இரினோடெக்கான் என்ற புற்றுநோய் ஊசி ஏறிக்கொண்டிருக்கும் ஆள். வாங்க வந்தது லோப்பரமைடு, பேதியை நிறுத்துகிற மாத்திரை. இந்தச் சீட்டை நூறு தரமாவது பார்த்திருப்பேன். அந்த ஊசி ஏறினால் சில நாள் கழித்துப் பேதி வரும், இந்த மாத்திரையைக் கொடுத்தனுப்பு. அவ்வளவுதான் எங்களுக்குப் பாடம். ஏன் சில நாள் கழித்து வருகிறது என்று கேட்டதே இல்லை. அன்று அட்டையை வெட்டிக்கொண்டே கேட்டுப் பார்த்தேன், சாயங்காலம் தேடினேன்.

ஈரல் ஒரு காரியம் செய்கிறது. வேண்டாத பொருள் வந்தால் அதோடு குளுகுரோனிக் அமிலம் என்று சர்க்கரையிலிருந்து உண்டான ஒரு துண்டைச் சேர்த்துக் கட்டி, செயலற்றதாக்கி, ஒரு பங்கைச் சிறுநீருக்கும் ஒரு பங்கைப் பித்தத்தோடு குடலுக்கும் தள்ளிவிடுகிறது. மூட்டை கட்டி வாசலில் வைத்தது போல. இரினோடெக்கானின் விஷமும் அப்படித்தான் மூட்டையாகிக் குடலுக்கு வருகிறது. குடலில் இருக்கும் பாக்டீரியாக்களுக்கு அந்தச் சர்க்கரைத் துண்டு ஒரு பண்டம். பீட்டா குளுகுரோனிடேஸ் என்ற நொதியால் முடிச்சை வெட்டி, சர்க்கரையைத் தின்றுவிட்டு, உள்ளே இருந்த சரக்கை அங்கேயே போட்டுவிட்டுப் போகின்றன. அவிழ்ந்த விஷம் குடலின் உள்தோலை அரிக்கிறது, பேதி போகிறது. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 2010இல், பாக்டீரியாவைக் கொல்லாமல் அந்த நொதியை மட்டும் முடக்கி, எலிகளுக்குப் பேதி வராமல் தடுத்துக் காட்டினார்கள். அதே ஆய்வகம் பிற்பாடு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து டிரைக்ளோசானைக் கையில் எடுத்தது. சோப்பு, பற்பசை வழியாக உள்ளே போகும் டிரைக்ளோசானையும் ஈரல் மூட்டை கட்டுகிறது, குடல் பாக்டீரியா அவிழ்க்கிறது, எலிகளின் பெருங்குடல் புண்ணாகிறது என்று 2022இல் வெளியிட்டார்கள். உடம்பு உற்பத்தி செய்யும் சொந்த ஈஸ்ட்ரோஜனுக்கும் இதே போக்குவரத்து உண்டு. ஈரல் கட்டி அனுப்பியதில் ஒரு பங்கைக் குடல் பாக்டீரியா அவிழ்க்க, அது திரும்ப ரத்தத்துக்குப் போகிறது. ஒரு பெண்ணின் உடம்பில் எவ்வளவு ஈஸ்ட்ரோஜன் சுற்றுகிறது என்பதில் சூலகத்தோடு குடலுக்கும் ஒரு கை இருக்கிறது.

பதினேழு வருஷம் லோப்பரமைடு விற்றவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். வாத்தியாரின் 'போயிடும்' அன்றோடு முடிந்தது. பிபிஏக்கு இது எவ்வளவு பொருந்தும் என்றால், மனிதனில் அதன் மூட்டை பெரும்பாலும் சிறுநீர் வழியாகவே போகிறது. எலியில்தான் பித்தம் வழி அதிகம். அதனால் எலிக்கு நடந்ததை அப்படியே அத்தைக்கு நடக்கும் என்று சொல்ல மாட்டேன். போக்கு இருவழி என்பதையும் மறக்கக் கூடாது. பாக்டீரியா இந்தப் பொருட்களை மாற்றுகிறது, இந்தப் பொருட்கள் பாக்டீரியாக்களின் கூட்டத்தை மாற்றுகின்றன. டிரைக்ளோசான் பாக்டீரியாவைக் கொல்வதற்கென்றே செய்தது. ஆனால் மனிதர்களை மாதக்கணக்கில் டிரைக்ளோசான் சோப்பும் பற்பசையும் பயன்படுத்த வைத்துப் பார்த்த ஒரு சோதனையில் குடல் பாக்டீரியாவில் பெரிய மாற்றம் தெரியவில்லை. கை கழுவும் சோப்புகளில் டிரைக்ளோசான் வேண்டாம் என்று 2016இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விலக்கியது இதற்காக இல்லை. சாதா சோப்பைவிட அது நன்றாகக் கழுவுகிறது என்று கம்பெனிகளால் நிரூபிக்க முடியவில்லை.

அளவு விஷயத்தில் நிபுணர்களே அடித்துக்கொள்கிறார்கள். பிபிஏக்கு 2015இல் வைத்திருந்த தினசரி வரம்பை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023இல் இருபதாயிரம் மடங்கு குறைத்தது. எலிகளின் எதிர்ப்புச் சக்தி அணுக்களில் கண்ட மாற்றம்தான் அடிப்படை. ஜெர்மனியின் அமைப்பு, இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்று அதைவிட ஆயிரம் மடங்கு தாராளமாக ஒரு வரம்பைச் சொன்னது. இத்துனூண்டுக்கு என்ன ஆகிவிடும் என்று கேட்கிறவர்களிடம் நான் உறைமோரைக் காட்டுவேன். ஒரு குண்டான் பாலுக்கு ஒரு ஸ்பூன். ஹார்மோனும் அந்தக் கணக்கில்தான் வேலை செய்கிறது.

ஆற்றின் நாற்றம்

எங்கள் ஊரில் 'கெமிக்கல்' என்றால் மூக்குக்குத் தெரிய வேண்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று பாலாற்றுப் படுகையில் வளர்ந்தவர்கள் நாங்கள். டேனரி நாற்றத்தில் பஸ் எந்த ஊரைத் தாண்டுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லுவோம். கிணற்றுத் தண்ணீரில் நிறம் மாறினால், சோறு மஞ்சளாக வெந்தால், அது கெமிக்கல். அந்தக் கோபம் நியாயமானது. 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும், தீங்கு முழுதாக நிரூபணமாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்று இரண்டு கொள்கைகளை நாட்டுச் சட்டமாக்கியது எங்கள் ஊர் வழக்கில்தான். சட்டம் படிக்கிற பிள்ளைகள் வேலூர் என்ற பெயரை அப்படித்தான் முதலில் கேள்விப்படுகிறார்கள். ஆனால் அந்தக் கோபம் எங்களுக்கு ஒரு பழக்கத்தையும் கொடுத்துவிட்டது. நாறாதது விஷமில்லை.

தோல் தொழிலிலேயே நாறாத ஒன்று உண்டு. ஆட்டுத்தோலின் கொழுப்பை எடுக்க உலகம் முழுவதும் புழங்கிய சோப்பு மாதிரியான ஒரு சரக்கு, தண்ணீரில் சிதைந்து நோனைல்பினால் ஆகிறது. அது ஈஸ்ட்ரோஜன் வேஷம் போடும் என்று தெரிந்ததே ஒரு தற்செயல். பாஸ்டனில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆனா சோட்டோ, கார்லோஸ் சோனன்ஷைன் இருவரும் மார்பகப் புற்று அணுக்களை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். ஈஸ்ட்ரோஜன் ஊற்றினால்தான் பெருக வேண்டிய அணுக்கள் ஒருநாள் எதுவும் ஊற்றாமலே பெருகின. மாதக்கணக்கில் தேடி, கடைசியில் சோதனைக் குழாயின் பிளாஸ்டிக்கிலிருந்து நோனைல்பினால் கசிவதைப் பிடித்தார்கள், 1991இல் எழுதினார்கள். 2005இலிருந்து ஐரோப்பா அந்தக் கொழுப்பெடுக்கும் சரக்கைத் தோல் பதனிடுவதில் கட்டுப்படுத்திவிட்டது. ஏற்றுமதிக்காக இங்கேயும் அதைப் பற்றிக் கேட்கிறார்கள். ஆற்றங்கரையில் நின்று மூக்கைப் பொத்துகிறவருக்கு அது தெரிய வழியே இல்லை.

அப்புறம் அந்தப் பந்தியில் யாரும் குற்றம் சொல்லாத கத்திரிக்காய். எந்த ஊர்க் கத்திரியும் காய்ப்புழுவுக்கு மருந்து வாங்காமல் சந்தைக்கு வருவது அரிது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் 2017இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் மூவாயிரம் பேருக்கு மேல் பரிசோதித்ததில், பூச்சிமருந்தோடு புழங்குகிறவர்களுக்குச் சர்க்கரை நோய் அதிகம் இருந்தது. எலிகளுக்கு 180 நாள் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். குடல் பாக்டீரியாக்கள் அந்த மருந்தைச் சிதைத்து அசிட்டிக் அமிலம் போன்றவற்றை உண்டாக்க, அதை வைத்துக் குடலும் ஈரலும் குளுக்கோஸ் தயாரித்துக்கொண்டிருந்தன. அந்த எலிகளின் குடல் பாக்டீரியாவை மலத்தோடு எடுத்து மருந்தே படாத எலிகளுக்கு மாற்றினால் அவற்றுக்கும் சர்க்கரை ஏறியது. இதைப் படித்த அன்று என் கடையில் சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் எத்தனை அட்டை போனது என்று எண்ணவில்லை. எண்ணியிருந்தால் தூக்கம் வந்திருக்காது.

நான் பெரிதாக எதையும் மாற்றிவிடவில்லை. பூச்சு உள்பக்கம் போகிற மாதிரி பில்லை மடித்துக் கொடுக்கிறேன். சானிடைசர் போட்டால் கை காயும்வரை மெஷினைத் தொடுவதில்லை. வடைக்கு முன்னால் சாதா சோப்பில் கை கழுவுகிறேன். ஓட்டல் சாம்பாருக்கு எவர்சில்வர் தூக்கு போகிறது. கேஷியர், "இன்னாண்ணா, ஆஸ்பத்திரிக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஊற்றச் சொல்கிறார்.

போன வாரம் அத்தை கடைக்கு வந்தார், தைராய்டு மாத்திரை வாங்க. கூட்டம் இல்லை. ஒரு மாதிரி தயங்கி, "அத்த, அன்னிக்கு மண்டபத்துல நான் சொன்னது தப்பு. கோழிக்கு ஊசியெல்லாம் போடறதில்ல" என்று ஆரம்பித்து, ஈரல், மூட்டை, பாக்டீரியா என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப சிக்கன் சாப்பிடலாம்ன்ற."

"சாப்பிடலாம் அத்த."

"இத சொல்றதுக்கு இத்தினி நேரமா?"

பில்லை மடித்து நீட்டினேன். ஒரு கையில் கூடை, ஒரு கையில் பர்ஸ். வாங்கிய பில்லை உதட்டுக்கு நடுவில் கவ்விக்கொண்டு, சில்லறை தேட ஆரம்பித்தார்.